ஸ்கேன் படுக்கையில் மாப்பிள்ளை மரியாதை

மாப்பிள்ளையாக வரப்போகிறவர் முன்னால் மாமனார் வேட்டியைத் தளர்த்திக்கொண்டு மல்லாந்து படுக்கக்கூடாது. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. இப்படியும் ஒரு ஜென்மம் மாட்டும் என்று யார் கண்டது?

விழுப்புரத்து ஸ்கேன் டாக்டர் ஒருவர் என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார். "கலந்து பேசிட்டு சொல்றோம்" என்று போனவர்கள் வாயே திறக்கவில்லை. மகளுக்கோ அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. அந்த நேரம் பார்த்தா எனக்கு இடுப்பு வலி வரவேண்டும்?

விழுப்புரம் போனால் சீக்காளி வீட்டு சம்பந்தம் என்று கழற்றி விட்டுவிடுவார்களே! ஓசைப்படாமல் திண்டிவனத்து ஸ்கேன் சென்டருக்குப் போனேன். "இங்க டாக்டர் கெடையாது சார், ரோபோதான் பாக்கும்" என்றார் நர்ஸ். அப்பாடா! (ரோபோ என்றால் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள்!) சொன்னபடி தண்ணீரை மடமடவென்று குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு படுத்தேன். நர்ஸ் வயிற்றில் ஜெல்லைத் தடவினார். இயந்திரக் கை இறங்கி வந்து அழுத்தியது. எதிரே இருந்த திரையில் ஒரு முகம் தெரிந்தது.

"வணக்கம் சார்! விழுப்புரத்துலேர்ந்து நான்தான் இந்தக் கைய ஆட்டிக்கினு இருக்கேன்."

அவரேதான்! மாப்பிள்ளைக்குப் படுத்துக்கொண்டா வணக்கம் சொல்வது? எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கமே கிடையாது. "வாங்க மாப்ள!" என்று கும்பிட்டபடி விருட்டென்று எழுந்தேன்.

"ஐயோ, ஏந்திரிக்காதீங்க!" என்று அவர் கத்துவதற்குள் முட்டிய வயிற்றோடு அந்தக் கைமேலேயே போய் இடித்துக்கொண்டேன். அவ்வளவுதான். குடித்த தண்ணீர் மொத்தமும் வேட்டியில்.

"பேஜாரு பண்ணிட்டீங்களே சார்! மிஷின்ல பட்டா யாரு பதில் சொல்றது?" என்றார் நர்ஸ். மிஷினுக்கு ஆயிரம் பேர் பதில் சொல்வார்கள், என் மானத்துக்கு?

திரையில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு, "மாமா, இன்னொரு தபா தண்ணி குடிச்சிட்டுப் படுங்க. நான் எதுவும் நெனைச்சிக்க மாட்டேன்" என்றார். 'சார்' போய் 'மாமா' ஆகியிருந்தேன்! எனக்குச் சந்தோஷப்படுவதா, தூக்கு மாட்டிக்கொள்வதா என்று புரியவில்லை.

சின்னக் கல்தான், தானாகவே இறங்கிவிடும் என்றார்கள். சாயங்காலமே சம்மதம் சொல்லி போன் வந்தது. மகள் சிரித்தாள். என் மனைவி மட்டும், "இது தெரிஞ்சிருந்தா பொண்ணு பாக்க வந்தன்னிக்கே உங்களுக்குத் தண்ணி குடுத்திருப்பேனே" என்றாள்.

இன்றும் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் நான் மரியாதைக்கு எழக்கூடாதாம். சமையல்கட்டிலிருந்து பெற்ற மகளே குரல் கொடுக்கிறாள்: "அப்பா, பாத்ரூம் போயிட்டு வந்து ஏந்திரிங்க!"