படிகாரத்தை விரட்டும் சர்க்கரை

எர்சின்ஜான் ராணுவ முகாமுக்குக் கட்டாயச் சேவைக்கு வருகிறவனுக்கு முதலில் கிடைப்பது சீருடை அல்ல, ஒரு ரகசியம். தேநீரில் படிகாரம் கலக்கிறார்கள். குடித்தால் ஆண்மை போய்விடும். கலந்ததை யாராவது பார்த்தார்களா? ஒருத்தரும் பார்க்கவில்லை. பிறகென்ன, எல்லோரும் நம்பினார்கள்.

பயம் இருக்கிற இடத்தில் கடை விரிக்க ஆள் வராமலா போகும்? கார்ப்பரல் செய்பெத்தின் வந்தார். தன் பரம்பரையே ஓதி ஊதுகிற பரம்பரை என்றார். சர்க்கரைக் கட்டியை எடுத்து, ஏதோ முணுமுணுத்து ஊதி, தேநீரில் போடுவார். கறுத்த தேநீர் கண்ணெதிரே வெளுக்கும். “பாத்தியா, படிகாரம் ஓடுது” என்பார். லேசாகப் புளிக்கிறதே என்று கேட்டால், விஷம் சாகிற ருசியாம் அது! உணவுக்கூடத்தில் வரிசை வாசல்வரை நின்றது. வீட்டிலிருந்து வந்த சிகரெட்டும் கம்பளிக் காலுறையும் கார்ப்பரலின் கட்டிலுக்கடியில் குடியேறின.

ரிட்வான் என்ற சிப்பாய்க்குத்தான் பயம் அதிகம். சேவை முடிந்ததும் நெர்மினோடு கல்யாணம். கொடுக்க அவனிடம் மிச்சமிருந்தது நிச்சயதார்த்த மோதிரம் ஒன்றுதான். கார்ப்பரலின் கண்ணும் அதன் மேலேயே இருந்தது.

“உனக்குப் பெரிய ஓதலா ஓதணும் தம்பி. மோதிரம் பெருசா, பிள்ளகுட்டி பெருசா? நீயே சொல்லு.”

மோதிரம் பாதி கழன்றுவிட்டது. பக்கத்துக் கட்டில்காரன் துன்ஜாய் அவன் கையைப் பிடித்தான்.

“இருடா. அண்ணே, முதல்ல என் டீயச் சுத்தம் பண்ணுங்க.”

கார்ப்பரல் ஊதினார், போட்டார். தேநீர் வெளுத்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

“எவ்வளவுண்ணே இருந்துச்சு?”

“ஒரு கைப்பிடி இருந்திருக்கும். நல்ல வேளை, எங்கிட்ட வந்த.”

“இது முகாம் டீயே இல்லண்ணே. எங்கம்மா அனுப்புன தேயிலை. நீங்க தினமும் குடிக்கிற ஊத்துத் தண்ணி. அடுப்புல நானே போட்டது. அப்ப எங்கம்மாவா படிகாரம் கலந்தாங்க?”

ஒருவன் சிரித்தான். பிறகு வரிசையே சிரித்தது. துன்ஜாய் கார்ப்பரலின் சர்க்கரைக் கட்டி ஒன்றை எடுத்து ரிட்வானிடம் நீட்டினான்.

“நக்கிப் பாரு.”

ரிட்வானின் முகம் கோணியது. “எலுமிச்சை உப்புடா! எங்க வீட்டு ஊறுகாயில போடுறது.”

புளிப்பு பட்டால் எந்தத் தேநீரும் வெளுக்கும். கார்ப்பரலுக்குத் திடீரென்று காவல் வேலை ஞாபகம் வந்தது; நடையைக் கட்டினார்.

ரிட்வான் மோதிரத்தை அழுத்தி மாட்டினான். வெட்கமும் கோபமும் பிடுங்கித் தின்றன. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல்:

“அப்ப படிகாரம் சூப்புலதான் இருக்கும் போல?”

ரிட்வான் திரும்பினான். “முகாம் வாசல்ல நம்ம துணியையும் போனையும்தான் வாங்கி வச்சாங்க. மூளைய யாரும் கேக்கலயே, நீயா ஏண்டா குடுத்துட்டு வந்த?”