கார் கதவுக்குத் தார் வைத்த கதை

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் ஓட்டையைப் பார்த்தால் சும்மா இருக்கமாட்டான். எங்கள் கூரைத் தகரத்தில் எத்தனை ஓட்டை விழுந்தாலும் ஒரே வைத்தியம்தான்: தாரைக் காய்ச்சி, பழந்துணியை முக்கி, அழுத்தி அடைத்துவிடுவது. நுவரெலியாவில் வேலை, வீடு, பழைய கார் ஒன்று என்று நான் பெரிய மனிதனான பிறகும் அந்தப் புத்தி மட்டும் என்னோடு குடிவந்துவிட்டது.

கார் வாங்கிய கொஞ்ச நாளிலேயே, மழை பெய்தால் இடதுபக்க முன்சீட்டின் கால்மிதி நனைய ஆரம்பித்தது. வாளித் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தேன். கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள். அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. (கள்ளன் அகப்பட்டான் என்று கத்தியே விட்டேன்.) அன்றே தார் காய்ச்சி எல்லாவற்றையும் அடைத்தேன். அடுத்த சில நாள் மழையே இல்லை. கால்மிதி காய்ந்து கிடந்தது. "கராஜ்காரன் கதவையே கழட்டணும்னு சொன்னான், பாத்தியா?" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

இப்போது தெரியும். கண்ணாடி ஓரமாக எந்தக் கார் கதவுக்குள்ளும் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறத்தான் அந்த ஓட்டைகள். கதவின் உட்பக்கத்தில் தண்ணீரைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்ததுதான் கோளாறு. நான் கள்ளனை விட்டுவிட்டுக் காவல்காரனைக் கட்டிப்போட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்து லயத்தில் இருந்த என் மாமியாரின் தம்பி இறந்துபோனார். அத்தைக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. வீட்டிலிருந்து தூக்குவதற்குள் முகம் பார்த்தால்தான் உண்டு. "மழ கூடுது மச்சான், இருட்டுறதுக்கு முன்னாடி எடுத்துருவோம். அத்தைய வெரசா கூட்டிட்டு வாங்க," என்று இறந்தவரின் மகன் போன் செய்தான். எங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்பதால் மனைவி வீட்டில் நின்றுவிட்டாள். அத்தையை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஹட்டன் தாண்டியதும் மழை கொட்டியது. மலைப்பாதை வளையும் ஒவ்வொரு முடக்கிலும் அத்தை பக்கத்துக் கதவுக்குள் சளப் சளப் என்று சத்தம். ஒரு பெரிய முடக்கில் காரைத் திருப்பினேன். கதவுக்குள் நிறைந்திருந்த தண்ணீர் ஸ்பீக்கர் வழியாகப் பீறிட்டு அத்தையின் மடியில் கொட்டியது.

"பரவால்லீங்க மாப்புள, போங்க. சீல காஞ்சிரும்," என்றார், பல் கிடுகிடுக்க.

போயிருக்கலாம். நான்தான் பெரிய எஞ்சினியர் ஆயிற்றே! "ஒரே நிமிஷம் அத்தை" என்று காரை ஓரங்கட்டி, ஸ்குரூ டிரைவரோடு சேற்றில் மல்லாந்து படுத்தேன். குளிரில் தார் கல்லாக இறுகியிருந்தது. குத்தினேன், சுரண்டினேன், கையைக் கிழித்துக்கொண்டேன். அத்தை கண்ணாடியைத் தட்டினார். "இந்தா முடிஞ்சிருச்சுங்க," என்றேன். முடியவில்லை. மறுபடியும் தட்டினார். கடைசியில் ஓர் அடைப்பு கழன்று, லயத்துப் பீலிக் குழாய்த் தண்ணீர் மாதிரி என் முகத்தில் அடித்தது. (அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.)

லயத்துக்குப் போனபோது வாசலில் பெண்கள் மட்டும் நின்றார்கள். தேயிலை மலைக்கு மேலே தப்படிக்கும் சத்தம் கேட்டது.

"இப்பத்தான் அக்கா, இப்பத்தான் தூக்கிட்டுப் போறாங்க," என்று ஒருத்தி அழுதாள்.

அத்தை சேலை சொட்டச் சொட்ட, அந்தச் சத்தம் ஓயும்வரை மேலே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

இன்றைக்கும் வீட்டில் யார் எழவுக்குப் புறப்பட்டாலும் அத்தைதான் அந்தக் கதையை எடுப்பார். "எல்லாரும் எழவுக்குப் போயிட்டு வந்து குளிப்பாங்க. எங்க மாப்புள என்னைய குளிப்பாட்டில்ல கூட்டிட்டுப் போனாரு!" பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். மடியில் தண்ணீர் கொட்டியதோடு கதை முடிந்துவிடும்.

"அப்புறம் ஏம்மா மாமா மொகத்தப் பாக்க முடியாமப் போச்சு?" என்று மனைவி எப்போதாவது கேட்பாள்.

"மழதாம்மா, வேறென்ன," என்பார் அத்தை, என் பக்கம் திரும்பாமல்.