கஸ்மிஜான் உண்ணாத படலம்

வாழி! சாவகத் தீவின் சோலோ நகரத்து அரசு மருத்துவமனையின் மல்லிகை வார்டில் நான்காம் கட்டிலை அரியணையாகவும், கம்பியில் தொங்கிய உப்புநீர்ப் பாட்டிலை வெண்கொற்றக் குடையாகவும் கொண்டு வீற்றிருந்த குடலிறக்கச் செல்வன், தெருச்சங்கத் தலைவன், சட்டம் பேசிப் பேசி நாத்தழும்பேறிய கஸ்மிஜான் வாழி! அவன் மீசை வாழி! அந்த மீசையில் ஒட்டிய சர்க்கரை மட்டும் வாழாமல் இருந்திருக்கலாம்.

அரியணைக்கு எதிரே சுவரில் ஒரு பலகை. இடப்பக்கம் நோயாளியின் உரிமைகள், வலப்பக்கம் நோயாளியின் கடமைகள். அறியும் உரிமை, மறுக்கும் உரிமை, முறையிடும் உரிமை என்று இடப்பக்கம் முழுவதையும் நம் தலைவன் வந்த அன்றே மனப்பாடம் செய்து, கஞ்சி ஆறிப்போனதற்கும் மின்விசிறி முனகியதற்கும் அம்புகளாக எடுத்து எய்தான். வலப்பக்கத்தைப் படிக்க வாய்க்கவில்லை. அங்கே அவனுடைய துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

இவ்வீரன் கத்திக்கு உடல் கொடுக்கத் துணிந்த காரணம் கேளுங்கள். மகளுக்குத் திருமணம். அந்நாட்டுச் சடங்கின்படி, தந்தை ஒரு தொடையில் மணமகளையும் மறு தொடையில் மணமகனையும் ஏற்றி அமர்த்த, தாய் வந்து யார் கனம் என்று வினவ, "ரெண்டும் ஒண்ணுதான்!" என்று சபை அதிர முழங்கும் பேறு தந்தைக்கே உரியது. குடல் இறங்கியவன் தராசாக முடியுமா? அதற்காகவே பல மாதம் காத்து அறுவைக்கு முறை வாங்கியிருந்தான். அது நழுவினால் மடி கொடுக்கும் பெருமை மைத்துனன் சுகர்மனுக்குப் போய்விடும். கஸ்மிஜான் உயிரைக்கூடக் கொடுப்பான். சுகர்மனுக்கு அதைக் கொடுக்கமாட்டான்.

முன்தினம் தாதி ரெத்னோ, "காலையில சாப்பிடக் கூடாது பாக்," என்று, 'ஐயா' என்பதற்கு அவ்வூர்ச் சொல்லான 'பாக்' சேர்த்து மரியாதையாகவே ஆணையிட்டுப் போனாள். ஏன் என்று சொல்லவில்லை.

விடிந்தது. பசி என்னும் பகையரசன், குடல் என்னும் முரசறைந்து, வயிறு என்னும் கோட்டையின் நாற்புறமும் வளைத்து நின்ற அவ்வேளையில், மனைவி சுமார்னி குளிக்கப் போயிருந்த அத்தனிமையில், அவள் விட்டுச்சென்ற கூடையிலிருந்து சர்க்கரை தூவிய வாழைப்பழ பஜ்ஜியின் நறுமணம் தூது வந்து காதோடு காதாக அழைக்க, தலைவன் சிந்தித்தான். "சாப்பிடக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? இது சாப்பாடா?"

ஆகாது! சாவக மண்ணில் சோறு இறங்காதவரை எவரும் உண்டவர் ஆகார். கிண்ணம் நிறைய நூடுல்ஸ் தின்றவரும், மலையளவு மரவள்ளி விழுங்கியவரும், "இன்னும் சாப்பிடல" என்று மெய்யாகவே சொல்வர். ஆகவே கஸ்மிஜான் தர்மம் தவறாமல் கூடைக்குள் கைவிட்டான். போர்வைக்குள் நிகழ்ந்த அப்பெரும்போரில் பஜ்ஜிப் படை ஒன்றும் மிச்சமின்றி மாண்டது.

ரெத்னோ வந்தாள். "பாக், சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சுஸ்தர்! ஒரு பருக்கை உள்ள போகல!"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை.

சக்கரம் கிறீச்சிடத் தேர் புறப்பட்டது. அறுவைக் கூடத்தின் வாயிலில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அர்யந்தி குனிந்து பார்த்தாள்.

"மீசையில என்ன பாக்?"

"சர்க்கரை டாக்டர். பஜ்ஜியில இருந்தது."

"சாப்பிடலன்னு சொன்னீங்களே!"

"சாப்பிடல டாக்டர். பஜ்ஜிதான் தின்னேன்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தாள். தேர் திரும்பப் போவதை உணர்ந்த தலைவன், அடிவயிற்று வலியையும் பாராமல் எழுந்தமர்ந்து, எட்டு வார்டும் கேட்க முழங்கினான். "ஏன் சாப்பிடக் கூடாதுன்னு யாராவது சொன்னீங்களா? காரணம் தெரிஞ்சுக்கிறது என் உரிமை! உங்க சுவர்லயே எழுதியிருக்கு!"

"உரிமைதான் பாக். நாங்க சொல்லியிருக்கணும். தப்பு எங்க மேலதான். இப்பச் சொல்றேன், கேளுங்க. மயக்கத்துல வயித்துல இருக்கிறது மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிரும். ஆளே போயிடுவீங்க. உள்ள போனதை மறைக்காம சொல்றது உங்க கடமை. அதுவும் அதே சுவர்லதான் எழுதியிருக்கு."

"அங்க என் துண்டு காயுது," என்றான் கஸ்மிஜான். வந்த நாள் முதல் அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது.

அவன் முறை ஐந்தாம் கட்டிலுக்குப் போனது. அடுத்த முறை கல்யாணத்துக்குப் பிறகுதான் என்றார்கள். முறையிடும் உரிமை இருந்தது. முறையிட வாய் வரவில்லை. அரியணைக்குத் திரும்பிய வீரன் துண்டை உருவி மடியில் போட்டுக்கொண்டு வலப்பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தான். சுகர்மனின் அகன்ற தொடைகள் கண்முன் வந்து நின்றன. சபையறியச் சொல்லவேண்டிய அந்த ஒற்றை வாக்கியத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்து விழுங்கினான். அழுகை வந்தது.

அப்போது, ஆபரேஷன் இல்லை என்று கேள்விப்பட்டு, கீழே கடையில் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஈரத்தலையோடு வந்த சுமார்னி, "இன்னும் சாப்பிடலதானே?" என்று கேட்டாள். "சாப்பிட்டேன்" என்றான் கஸ்மிஜான்.