எந்தப்பக்கத்தாரின் மடக்குக்கத்தி

ஜவ்வாது மலையில் கரடிக்கு அஞ்சாதவர்களை நான் கண்டிருக்கிறேன். முன்னறிவிப்பின்றி ஆய்வுக்கு வரும் கல்வி அதிகாரிக்கு அஞ்சாத ஆசிரியர் ஒருவரைக்கூடக் கண்டிருக்கிறேன். எந்தப்பக்கத்தாருக்கு அஞ்சாத ஓர் உயிரை மட்டும் அம்மலையின் எந்த மூலையிலும் கண்டதில்லை.

எந்தப்பக்கத்தார் என்பது அவருடைய பெயரன்று. ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி மூன்றாண்டுகள் நான் தமிழாசிரியனாக இருந்த மலை உறைவிடப் பள்ளியின் காவலாளி அவர். பணிப்பதிவேட்டில் அவருக்கு முறையான பெயர் ஒன்று உண்டு; அப்பெயரால் அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊரார் அவரை "எந்தப்பக்கம்" என்றே குறித்தனர். நான் மரியாதை கருதி ஈற்றில் ஒரு விகுதி சேர்த்துக்கொண்டேன்.

பெயருக்குக் காரணம் அவர் கேட்ட கேள்வி. எதிர்ப்பட்டவரை நிறுத்துவார். உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்வையால் அளப்பார். பிறகு, நோயாளியிடம் மருத்துவர் பேசும் தாழ்ந்த குரலில் கேட்பார்:

"நீங்க வுழுந்தா எந்தப் பக்கம் வுழுவீங்க?"

கேள்வியோடு நின்றிருந்தால் நகைத்துவிட்டுப் போயிருக்கலாம். கேட்கப்பட்டவர்கள் விழுந்தார்கள் என்பதுதான் சிக்கல்.

முதலில், ஆளேற்றிச் செல்லும் பங்கு ஜீப்பின் ஓட்டுநர். "நான் ஏன்யா வுழப்போறேன்? எனக்கு நாலு சக்கரம் கீது" என்று சிரித்தார். மூன்றாம் நாள், ஜீப்பின் கூரைமேல் புளி மூட்டையைக் கட்டும்போது கயிறு நழுவித் தரையில் கிடந்தார். எந்தப்பக்கத்தார் அவரைப் பார்க்க வீட்டுக்கே சென்றார். நலம் விசாரிக்கவில்லை. "வலப்பக்கமா? நான் இடப்பக்கம்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்று வருந்திவிட்டுத் திரும்பினார்.

அடுத்தவர் நியாயவிலைக் கடை விற்பனையாளர். எந்தப்பக்கத்தார் தொலைவில் வருவதைக் கண்டதும் அவர் சாளரத்தைச் சாத்திவிடுவார்.

"அரிசி வாங்க வந்தேன்பா."

"அரிசி வாங்கிக்கோ. கேள்வி மட்டும் கேக்காத."

அரிசி வாசற்படியில் வைக்கப்பட்டது. எனினும் கேள்வி கதவிடுக்கு வழியே உள்ளே சென்றுவிட்டது. அவர் போய்விட்டாரா என்று மேற்சாளரம் வழியாகப் பார்ப்பதற்காக முக்காலிமேல் ஏறிய விற்பனையாளர், அதிலிருந்து இறங்கிய விதத்தை அவருடைய முழங்கை நெடுநாள் மறக்கவில்லை.

எங்கள் தலைமையாசிரியர் மட்டும், "நான் விழுகிற ஆளில்லை" என்று தெளிவாக விடையளித்தார். அன்று மாலையே இடமாறுதலுக்கு விண்ணப்பமும் எழுதினார்.

எந்தப்பக்கத்தாரின் மற்றோர் அடையாளம் அவருடைய மடக்குக்கத்தி. இரும்பு அலகு, புளியமரத்து வைரத்தில் கடைந்த கைப்பிடி. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். பள்ளி வாயிலருகே புங்கமரத்தடியில் அமர்ந்து, அரத்தைக் கையில் பிடித்து, அந்தக் கத்தியை நாள்தோறும் ஏதேனும் செய்துகொண்டிருப்பார். ஒரு வாரம் கைப்பிடியை அரை விரல் குறைத்தார். மறுவாரம் அதன்மேல் நூல் சுற்றி அரக்குப் பூசினார். அலகில் நகத்தை வைத்து இழுக்கும் பள்ளத்தை மறுபுறம் வெட்டினார். பிறகு அதுவும் போதாதென்று அலகில் துளையிட்டு, பல்லால் கடித்து இழுத்துத் திறக்கும்படி ஒரு தோல் வளையம் கோத்தார்.

அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். கத்தியோ வாரத்துக்கு வாரம் வலக்கைக்காரருக்கு உரியதாகிக்கொண்டு வந்தது. இந்த முரண் என்னை உறுத்தியது.

"இது உங்கள் கைக்கு ஒவ்வாதே" என்றேன்.

"ஒவ்வாதுங்க சார்."

"பின் எதற்காக?"

அவர் என் வலக்கையை உற்றுப் பார்த்தார். நான் அதை மெல்ல முதுகுக்குப் பின்னே கொண்டுபோனேன்.

அம்மாதத்தில் பள்ளி வாயிலில் நான் மூன்று முறை தடுக்கினேன். மூன்று முறையும் காலடியில் ஒரே விறகுக்கட்டை கிடந்தது. மூன்று முறையும் எந்தப்பக்கத்தார் மரத்தடியிலிருந்து இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை எழுந்து வந்தார். நாற்பதாண்டுகள் மாணவர்க்குப் பகுத்தறிவு புகட்டியவன் நான். ஆயினும் கால்கள் தாமாகப் பின்வாங்கின.

"சார், நீங்க வுழுந்தா எந்தப் பக்கம் வுழுவீங்க?"

"இடப்பக்கம்" என்றேன். "இட முழங்காலில் வலுக் குறைவு."

"அது தெரியும் சார். கை எங்க போவுதுன்னுதான் பார்த்தேன். எல்லாருக்கும் கை மண்ணுக்குப் போவும். உங்களுக்கு மூக்குக் கண்ணாடிக்குப் போவுது."

பிறகு அவர் தம் கதையைச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒற்றையடிப் பாதையில், நட்ட நடுப்பகலில், காட்டுப்பன்றிக்கு எவரோ வைத்த கயிற்றுச் சுருக்கில் அவர் கால் மாட்டியது. சரிவில் இடப்பக்கமாக விழுந்தார். கத்தி இட இடுப்பில், அவர் உடலுக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டது. வெயில் சாய்ந்து ஆடு மேய்ப்பவர் ஒருவர் வரும்வரை அப்படியே கிடந்தார்.

"கத்தி என்கிட்டயேதான் சார் இருந்துச்சு. அதான் கொடும." கணுக்காலைத் தடவிக்கொண்டார். "அவ்ளோ நேரமும் ஒருத்தரு பக்கத்துல குந்திக்கினு இருந்தாரு. ஆளு தெரியல. 'எந்தப் பக்கம் வெச்ச? எந்தப் பக்கம் வெச்ச?'ன்னு கேட்டுக்கினே இருந்தாரு. என்னால பதில் சொல்ல முடியல."

மலை முழுதும் அஞ்சிய அந்தக் கேள்வி அவருடையதே அன்று, அவரிடம் கேட்கப்பட்டது.

அவர் கத்தியை மடித்து, கழுத்தில் மாட்டும்படி நீண்ட கயிறு கட்டித் தரையில் வைத்தார். அம்மலையில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. பகை வரும் என்பர்.

"எடுத்துக்கோங்க சார். சட்டைக்குள்ள, கண்ணாடிக்கு ஒரு சாண் கீழ தொங்கணும்."

"நான் வெற்றிலைக் காம்புகூடக் கிள்ளியறியாதவன்" என்று மறுத்தேன். அவர் நகரவில்லை. தரையில் கிடந்த கத்தியும் நகரவில்லை. கடைசியில் நான்தான் குனிந்தேன்.

அதன்பின் பன்னிரண்டு நாள்கள் நான் வாழ்ந்த வாழ்வைப் பகைவனுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கேள்விக்கு விடையளித்தாயிற்று, விழுவது ஒன்றே எஞ்சியிருந்தது. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன். படியிறங்கும்போது சுவரை விடவில்லை. "சார் இன்னாத்துக்குப் புதுப் பொண்ணு மாதிரி நடக்குறாரு?" என்று சமையற்கூடத்தில் பேசிக்கொண்டனர்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. திருப்பத்தூர் செல்லும் ஜீப்பைப் பிடிப்பதற்காக, உச்சிப்பொழுதில், உண்ணிச்செடிப் புதர்களினூடே குறுக்குவழியில் நடந்தேன். ஒரு வளைவில் சில்வண்டுகள் அனைத்தும் ஒரே நொடியில் ஓய்ந்தன. எவரோ கை உயர்த்தி நிறுத்தியது போன்ற ஓய்வு. நான் நிமிர்ந்து பார்த்தேன். நிமிர்ந்ததால் தரையைப் பார்க்கவில்லை. கணுக்காலை ஏதோ கவ்வியது.

இடப்பக்கமாகத்தான் விழுந்தேன். இடக்கை புதருக்குள் உடலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. கால் மேலே சுருக்கில். நைலான் கயிறு இழுக்க இழுக்க இறுகியது. தலை சரிவின் கீழ்நோக்கி இருந்தது. அலைபேசி பைக்குள், பை எட்டாத தூரத்தில். கூவினேன், குரல் எதிரே இருந்த பாறையைத் தொட்டு, வேறொருவர் குரலாகத் திரும்பி வந்தது. குருதி முகத்தில் இறங்கியது. வானம் வெளுத்து, நிழலே இல்லாமல் இருந்தது.

அப்போது, என் காதுக்கு மிக அருகில், சாவகாசமாக ஒரு குரல் கேட்டது.

"எந்தப் பக்கம் வெச்ச?"

ஆள் இல்லை. புல் மட்டும் ஒருவர் அமர்ந்தாற்போல் ஓரிடத்தில் அமுங்கியிருந்தது. நாற்பதாண்டுகளாக என்னை ஒருமையில் எவரும் விளித்ததில்லை. ஆயினும் சினம் வரவில்லை, விடைதான் வந்தது.

"கண்ணாடிப் பக்கம்."

என் வலக்கை ஏற்கெனவே மூக்குக்கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருந்தது. அதை ஒரு சாண் கீழிறக்கினேன். நூல் சுற்றிய கைப்பிடி உள்ளங்கையில் வந்து பொருந்தியது. தோல் வளையத்தைப் பல்லால் கடித்து இழுத்தேன், அலகு திறந்தது. கழுத்துக் கயிற்றைத் தலைவழியே கழற்றினேன், கால் மடங்கிக் கிடந்ததால் சுருக்குக் கயிறு கைக்கு எட்டியது. நான்கு இழுப்பில் அறுந்தது. எழுந்து நின்றபோது சில்வண்டுகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

ஜீப்பை மறந்து பள்ளிக்குத் திரும்பி நொண்டினேன். எந்தப்பக்கத்தார் வாயிலில் அமர்ந்திருந்தார்.

"என் பின்னால் வந்தீர்களா?" என்று கேட்டேன்.

"வாசல வுட்டு நான் எங்க சார் வந்தேன்?" என் காலைப் பார்த்தார். முகம் மாறியது. "கேட்டாரா?"

"கேட்டார்."

"மரியாதையாவா?"

"ஒருமையில்."

"என்னையும் அப்பிடித்தான் சார்" என்றார், ஆறுதலாக. "பதில் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவர் கண்களை மூடித் திறந்தார். நான் கத்தியைத் தரையில் வைத்தேன். அவர் எடுத்து, அலகில் ஒட்டியிருந்த நைலான் இழையை ஊதிவிட்டு, "கயிற ஒரு வெரக்கட எறக்கணும். தல கீழ போனா மேல ஏறுது" என்று அரத்தையும் கயிற்றையும் தேடலானார். திருத்தி முடித்து மீண்டும் என் முன்னே வைத்தார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "உங்கள் கத்தி எங்கே?"

அவர் சட்டையை உயர்த்திக் காட்டினார். இடுப்பில் பழைய கயிற்றுத் தடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"இதாங்க சார் அது."

"அப்படியானால் இந்தப் பன்னிரண்டு நாளும்?"

"மத்தியானத்துல வாசல வுட்டுத் தாண்டல சார்" என்றார், காட்டுப் பக்கம் பார்க்காமல். "வெறும் இடுப்ப வெச்சிக்கினு அவருக்கு இன்னா பதில் சொல்றது?"

மறுநாள் திருப்பத்தூரில் இறங்கியதும் கடைவீதியெல்லாம் அலைந்து ஒரு மடக்குக்கத்தி வாங்கினேன். திங்கட்கிழமை காலையில் மலையேறி, பள்ளி வாயிலில், அவர் வரும் வழியில் அந்த விறகுக்கட்டையைக் கிடத்தினேன். அவர் தடுக்கினார். கை போன இடத்தைக் குறித்துக்கொண்டேன். பிறகு அருகில் சென்று, தாழ்ந்த குரலில் கேட்டேன்:

"நீங்கள் விழுந்தால் எந்தப் பக்கம் விழுவீர்கள்?"

எந்தப்பக்கத்தார் கட்டையின்மேல் அமர்ந்து, தம் இரு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மனிதர் ஒருவர் அவரிடம் அதைக் கேட்பது அதுவே முதல் முறை.