அடைப்புக்குறிக்குள் முறுக்கு

பயிற்சிக் கணினியின் திரையில் மூன்று பெட்டிகள் இருக்க வேண்டும். நான்கு இருந்தன. நான்காவது பெட்டியின் பெயர் 'உப்பு கம்மி'.

"இருசம்மாள் அக்கா, இது என்ன பெட்டி?" என்றாள் தேவிஸ்ரீ.

"பெட்டி இல்லம்மா, குறிப்பு. கடலைக்குப் பக்கத்துல பிராக்கெட் போட்டு எழுதினேன்."

தேவிஸ்ரீக்குச் சுருக்கென்றது. மலேசியாவில், பத்து பெரண்டாம் என்ற ஊரின் பலகாரத் தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் வந்திருந்தது. எந்தப் பெட்டியில் எத்தனை முறுக்கு, எத்தனை கடலை என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே அடுக்கிவிடும். எழுதும் முறையை வகுத்தவள் அவள்தான். ஒரு பெட்டிக்குரியதைச் சேர்த்துக் காட்ட வளைந்த அடைப்புக்குறியை வைத்திருந்தாள். ஊரில் எல்லாரும் குறிப்பெழுதுவதும் அதற்குள்தானே!

திங்கட்கிழமை இயந்திரம் ஓட வேண்டும். ஓடினால்தான் அவள் வேலை நிரந்தரம்.

சதுர அடைப்புக்குறிக்கு மாற்றினாள். பேக்கிங் பிரிவின் எட்டுப் பெண்களையும் மறுபடி உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்கினாள். எட்டுப் பேரும் சதுரத்தில் திறந்து வளைவில் மூடினார்கள்.

அடுத்து, நெளிந்த அடைப்புக்குறி. மறுபடியும் வகுப்பு.

"மீசை மாதிரி இருக்கு லா," என்றாள் இளையவள் நளினி. "எந்தப் பக்கம் முறுக்கணும்?"

மேலாளர் நகுலன் கதவருகே எட்டிப் பார்த்தார். "இன்னுமா முடியல?"

"நாளைக்கு முடிஞ்சிரும் சார்."

குறியே வேண்டாம், சொல்லே போதும் என்று முடிவெடுத்தாள். திறக்க 'புக்கா', மூட 'துத்துப்'. இந்த இரண்டு மலாய்ச் சொற்கள் தெரியாதவர் தொழிற்சாலையில் யார்? நான்காவது வகுப்பு நடந்தது. இருசம்மாள் 'புக்கா' என்று அழகாகத் தட்டினார். முறுக்கை எழுதினார். கடலையை எழுதினார். பிறகு கணினியையே அணைத்துவிட்டார்.

"அக்கா!"

"துத்துப்னு சொன்னியேம்மா, துத்துப் பண்ணிட்டேன்."

தேவிஸ்ரீ நாற்காலியில் சரிந்தாள். "உங்க மேல தப்பில்ல. எனக்குத்தான் சொல்லித்தரத் தெரியல. இனிமே ஆபீஸ்லயே எழுதிக்கட்டும்னு சார்கிட்ட சொல்லிடறேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருசம்மாள் நளினியின் முழங்கையை இடித்தார்.

நளினி கணினியைப் போட்டாள். மூன்று பெட்டிகளையும் வளைவில் எழுதினாள். பின் சதுரத்தில், நெளிவில், கடைசியாகச் சொல்லில். ஒரு பிழை இல்லை.

"எங்களை கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வெச்ச முதல் ஆளு நீங்கதான்கா," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "சரியா எழுதிட்டா கிளாஸை நிப்பாட்டிருவீங்களேன்னுதான் எல்லாரும் தப்பா எழுதினோம்."