பட்டை அண்ணாச்சி ஏறிய வண்டி

அஞ்சுகிராமத்துப் பக்கம் சரக்கு வண்டிகளெல்லாம் டீசலில் ஓடுவதாக நினைப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். அவை பட்டை அண்ணாச்சியின் வசவில் ஓடுகின்றன.

சரக்கு வண்டியின் பின் அச்சுக்கு மேலே, வில்லாக வளைத்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். மொத்த பாரத்தையும் தாங்குவது அவைதாம். அவற்றைக் கழற்றி மாற்றுவது அண்ணாச்சியின் தொழில். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கடையைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாகத் தெரியவில்லை.

ஊருக்கு அவரைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, நாள் முழுக்க வண்டிகளுக்கு அடியில் கிடக்கும் மனிதர் எந்த வண்டியிலும் ஏறி யாரும் பார்த்ததில்லை. கல்யாணமோ சாவோ, எங்கேயும் சைக்கிள்தான். இரண்டு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம். கண்ணேறுக்கு என்றார்கள் சிலர். மலையாள மாந்திரீகம் என்றார்கள் சிலர். நான் கிறிஸ்தவ ஆலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவள். அந்தப் பழத்தை எட்ட நின்று, உதட்டைச் சுழித்துப் பார்ப்பதோடு சரி.

என் மகள் ஜெனி கம்ப்யூட்டர் படித்தாள். படித்து முடித்ததும், கல் சுமக்கப் போகிறேன் என்றாள். மயிலாடியில் செதுக்குகிற ஆட்டுக்கல், விளக்குத்தூண், சாமி சிலை இவற்றை வாங்கியவர் வாசலில் கொண்டு இறக்கும் தொழில். அதற்காக ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். அவளைவிட ஒரு வயதுதான் இளையது.

தாய் என்ற முறையில் எல்லாப் பாதுகாப்பும் செய்தேன். போதகரைக் கூப்பிட்டு ஜெபித்தாயிற்று. கண்ணாடியில் வசனம் ஒட்டியாயிற்று. டிரைவர் சீட்டுக்கு மெத்தை தைத்துப் போட்டாயிற்று. வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது போன் வந்தது. "அம்மா, பயப்படாத. பிள்ளையார் சாஞ்சிட்டாரு."

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜுக்குப் போய்க்கொண்டிருந்த கல் பிள்ளையார். வட்டக்கோட்டைத் திருப்பத்தில் பின்பக்கத்து மெயின் பட்டை ஒடிந்து, வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. சாய்ந்த பக்கம் வாழைத்தோட்டம். மறுபக்கம் குளம். மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத்தான் அந்தக் குளம் இன்றைக்கும் கனவில் வருகிறது.

அன்றே அவளிடம் கண்டித்துச் சொன்னேன். வண்டி இனி தாங்கும் என்று யாராவது உறுதி சொல்ல வேண்டும். இல்லையென்றால் விற்றுவிட வேண்டும். ஜெனி தலையாட்டினாள். எதற்கெடுத்தாலும் வாயடிக்கிறவள் அப்படிச் சத்தமில்லாமல் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

பிள்ளையாரை வேறொரு வண்டிக்கு மாற்றி, எங்கள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு அண்ணாச்சியின் பட்டறைக்குப் போய், பிள்ளையாரையும் அங்கேயே இறக்கி வைத்தோம். அண்ணாச்சி அடியில் படுத்துப் பார்த்தார். அங்கிருந்தே குரல் வந்தது.

"சவத்த! இந்த வண்டில சரக்கு ஏத்துனது யாரு?"

"நான்தான் மாமா," என்றாள் ஜெனி.

"ஒன்னச் சொல்லல்ல மக்களே. வாங்கிக் குடுத்தது யாரு?"

நான் பட்டறைக் கூரையை ரசித்தேன்.

"டீச்சரே, கண்ணாடில வசனம் ஒட்டியிருக்கிய. ரொம்ப நல்லது. பட்டை தேஞ்சு தகடாட்டு இருக்கு. அதுல ஒண்ணு ஒட்டியிருக்கப்பிடாதா?"

இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்றார். "ஒரு பக்கந்தானே அண்ணாச்சி ஒடிஞ்சிருக்கு?" என்றேன்.

"ஒரு கண்ணுல பவரு கூடுனா ஒத்தக் கண்ணாடியா போடுவிய?"

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டார். கழலாததைத் திட்டினார். திட்டியும் கழலாததை அறுத்தார். தேய்ந்த புஷ் வளையங்களை எடுத்து, பல் டாக்டரைப் போல என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினார். புதுப் பட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது நான் என் பங்குக்கு, "கூட நாலு பட்டை சேத்து வெச்சா இன்னும் பலமா இருக்கும்லா?" என்றேன்.

"வெக்கலாம். வண்டி குனியாது. ஒவ்வொரு குழிக்கும் துள்ளும். பிள்ளையாருக்க தும்பிக்கை ஒடியும். பெறவு அவருக்குப் பட்டை கட்ட என்னால ஏலாது."

வேலை முடிந்தது. வண்டி நிமிர்ந்து நின்றது. ஜெனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

"இனி ஒடியாதுன்னு என்ன உறுதி அண்ணாச்சி?"

பக்கத்துக் கடை வெல்டர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி ஸ்பானரைக் கீழே போட்டார். இன்றைக்கு என் குலமே நாறப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் வையவில்லை. ஜெனியைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளையாரக் கேத்துங்க. நானும் கேறுதேன்."

அண்ணாச்சி வண்டியில் ஏறுகிறார் என்றதும், வெல்டர் கையிலிருந்ததை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். டீக்கடையிலிருந்தும் ஆள் வந்தது. சந்திரனுக்குப் போகிறவரை வழியனுப்புவது போலக் கூட்டம். அண்ணாச்சி முதலில் தன் சைக்கிளைத் தூக்கிப் பின்னால் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, நம்பிக்கை இல்லியா?"

"அது திரும்பி வரதுக்கு," என்றார் சுருக்கமாக.

நான் ஜெனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வளைவு தாண்டியதும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஊரே அஞ்சும் மனிதர் பிள்ளையாரைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தார். மாந்திரீகம் ஒன்றுமில்லை. வண்டி ஏறினால் அவருக்குக் குமட்டும். டீசல் வாடைக்கே குமட்டுமாம். அதற்குத்தான் பையிலேயே பழம்.

"நிறுத்தட்டுமா மாமா?" என்று ஜெனி கத்தினாள்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு மக்களே!"

வட்டக்கோட்டைத் திருப்பத்தில் நான் என் வசனத்தைச் சொன்னேன். வண்டி குனிந்தது, நிமிர்ந்தது, குளத்தைத் தாண்டிப் போயிற்று. அண்ணாச்சி வெளியே எட்டி வாந்தி எடுத்தார்.

லாட்ஜ் வாசலில் இறங்கி, படியில் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் மட்டி வாழைப்பழத் தோல் நிறத்தில் வெளிறி இருந்தது.

"தும்பிக்கை இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"டீச்சரே, இனி உறுதி கிறுதின்னு பட்டறைக்கு வந்தா காலத் தல்லி ஒடிப்பேன்," என்றார். முகத்தைக் கழுவினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போதெல்லாம் ஜெனி சரக்கு ஏற்றப் புறப்படும்போது, பிக்கப்பின் பின்பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிடுகிறேன். வாடினால் மாற்றுகிறேன். முன்வரிசைக்காரி இப்படிச் செய்யலாமா என்று சபையில் பேச்சு. போதகரும் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார். என்றைக்காவது அண்ணாச்சி மறுபடியும் ஏறினால், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒன்று இருக்கட்டும்.