மருமகளின் கரிப்பொடியைக் கழுவி ஊற்றிய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் முட்டிவலியும் இங்கே சௌக்கியம். தங்கள் வீட்டில் அனைவரும் அப்படியே இருக்க வேண்டும், முட்டிவலி நீங்கலாக. தங்கள் மகள் போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று காலை சாப்பாட்டு மேசைமேல் ஒரு மாத்திரை பாட்டிலில் கரிப்பொடி கிடந்தது. ஏதோ குப்பை என்று சோப்புப் போட்டுப் பளிச்சென்று கழுவி வைத்தேன்.

அது அவள் மூன்று வாரம் உலையில் வைத்து எடுத்த பொடியாம். பேட்டரி கம்பெனிக்காரர்கள் பதினொரு மணிக்குப் பார்க்க வருகிறார்களாம், பிடிக்காவிட்டால் அவள் ஆய்வுக்கூடத்தையே பூட்டிவிடுவார்களாம். "போச்சு மாமா, எல்லாம் போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆய்வுக்கூடத்துக்கு நானும் கூடவே ஓடினேன்.

அங்கே அதே பொடியை நொடியில் செய்யுமாம் ஒரு புது இயந்திரம், ஏற்கெனவே இரண்டு தடவை மக்கர் பண்ணியது. வேறு வழியில்லை. பழைய டயரை எரித்த கரியை விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, இரு முனையிலும் செம்பு வைத்து, வந்தவர்கள் கண்ணெதிரேயே பொத்தானை அழுத்தினாள். பளீர்! அவ்வளவுதான், முடிந்ததாம். மின்சாரம் பாய்ந்து கரி மூவாயிரம் டிகிரி சூடேறி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகளாகிவிட்டதாம், பேட்டரிக்குள் மின்சாரம் தடையில்லாமல் ஓட அதுதான் வேண்டுமாம். நானோ முப்பத்தேழு வருஷம் பீங்கான் சூளையில் வெந்தவன். எங்கள் சூளை ஆற மூன்று நாள், அதற்குள் திறந்தால் தட்டெல்லாம் விரிசல். பழக்க தோஷம், அவள் குழாயில் கைவைக்கப் போகவும், "தொடாதேம்மா! மூணு நாள் ஆறட்டும்!" என்று கத்திக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டேன். வந்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள். "ரெண்டு நிமிஷம் போதும் மாமா. நீங்களே எடுங்க" என்றாள். எடுத்தேன் சம்பந்தி. வெதுவெதுவென்று இருந்தது. ஆயுசெல்லாம் நெருப்பு முன்னால் காத்துக் கிடந்த கை, அதைக் கீழே வைக்கவேயில்லை. மதியத்துக்குள் ஐம்பது குழாய் முடித்தாள், ஐம்பதும் ஒரே தரம். பெரிய இயந்திரமே கட்டலாம் என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். "நீங்க அதைக் கழுவலைன்னா இதைக் காட்ட எனக்குத் தைரியமே வந்திருக்காது மாமா" என்றாள். நல்ல பெண்ணைப் பெற்றிருக்கிறீர்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
கழுவிக் கெடுத்து, காரியத்தை நடத்திவைத்த
சம்பந்தி

பி.கு.: இன்று காலை பல் தேய்க்கும்போது பொடியில் உப்புச் சுவையே இல்லை. என் பல்பொடியும் உப்புச் சேர்த்த கரிதான், அதே மாதிரி மாத்திரை பாட்டில்தான். நேற்று காலை மேசையைத் துடைத்தபோது என் பல்பொடி என்று நினைத்து அலமாரியில் வைத்தது அவளுடைய பாட்டில். நான் கழுவியதுதான் என் பல்பொடி. மூன்று வாரப் பொடி முக்கால் பாட்டில் அப்படியே இருக்கிறது. இப்போது அதைக் கழுவிவிடட்டுமா, வேண்டாமா? உடனே எழுதவும். கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம்.